பசிக்காகக் காத்திருந்த மாதங்கள்

போன வருடம் பொங்கல் முடிந்து, எங்கள் பக்கம் சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்கு எடை குறைப்பதற்கான ஆபரேஷன் நடந்தது. ரோபோ உதவியோடு செய்வது. 'எப்படி இருந்தது, வலித்ததா, எத்தனை கிலோ குறைந்தது?' என்றுதான் பார்ப்பவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். அதற்கெல்லாம் என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் எனக்கு மறக்க முடியாமல் போனது வேறு ஒன்று. யாரும் கேட்காததால் அதை இங்கே எழுதுகிறேன்.

நான் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். வீட்டில் நானும் என் மாமியும்தான். மாமி என்றால் என் கணவரைப் பெற்றவர். கணவர் வளைகுடாவில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் லீவில் வந்து என்னோடு இருந்த நாட்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மூன்று வருடம் தேறுமா என்பது சந்தேகம்தான்.

தினமும் சாயங்காலம் டூட்டி முடிந்ததும் கூப்பிடுவார். சாப்பிட்டாயா, மருந்து போட்டாயா, அம்மா எப்படி இருக்கிறார் என்று பேச்சு ஒரே மாதிரிதான் போகும். ஆனாலும் அந்தப் போனுக்காகத்தான் எனக்குப் பொழுது நகரும். பேசி முடித்துப் போனை வைத்ததும் எனக்குப் பசிக்கும். சும்மா இல்லை, கை நடுங்குகிற மாதிரிப் பசிக்கும். நேராக அடுப்படிக்குப் போவேன். மத்தியானக் குழம்பில் சோற்றைப் பிசைந்து சாப்பிடுவேன். முறுக்கு டின்னைத் திறந்தால் அது காலியாகும் வரை மூடமாட்டேன். இப்படியே வருடக்கணக்கில் ஓடிற்று. எடை நூறைத் தாண்டியது. சர்க்கரை வந்தது. முழங்கால் தேய்ந்து, சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைக்க முடியாமல், நாற்காலியில் உட்கார்ந்து தொழ ஆரம்பித்தேன். தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று மாமிதான் கண்டுபிடித்தார். மூச்சு திரும்ப வருகிற வரை விழித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பாராம். வெகுநாள் கழித்துத்தான் அதை என்னிடம் சொன்னார்.

சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டர்தான் ஆபரேஷனைப் பற்றி முதலில் பேச்செடுத்தார். தஞ்சாவூருக்கு அனுப்பி வைத்தார். அங்கே ரத்தப் பரிசோதனை, இதயத்துக்கு ஒரு பரிசோதனை, வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது என்று எல்லாம் செய்தார்கள். மனநல டாக்டர் ஒருவரும் வெகுநேரம் பேசினார். எதற்கு இது என்று அப்போது புரியவில்லை.

ஆபரேஷன் செய்யும் டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். இரைப்பையில் பெரும்பகுதியை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுவார்கள். மீதி, ஒரு வாழைப்பழம் போல ஒடுங்கிய குழாயாக இருக்கும். வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, அதன் வழியாக ரோபோவின் கைகள் உள்ளே போகும். அவர் கொஞ்சம் தள்ளி ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்து அந்தக் கைகளை இயக்குவார். மாமிக்கு அந்த 'தள்ளி உட்கார்ந்து' என்பது பிடிக்கவே இல்லை. எங்கள் ஊரில் மின்சாரம் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாமி கேட்டுவிட்டார்.

"டாக்டர், பாதியில கரண்டு போச்சுன்னா அந்த மிஷினு என்ன பண்ணும்?"

டாக்டர் சிரிக்கவில்லை. "மிஷின் தானா ஒண்ணும் செய்யாதும்மா. என் கை அசைஞ்சாத்தான் அதோட கை அசையும். நான் கைய எடுத்துட்டா அதுவும் அப்படியே நின்னுடும். கரண்டுக்கு இங்க ரெண்டு வழி வச்சிருக்கோம். அதையும் மீறி ஏதாவதுன்னா நான் எழுந்து வந்து என் கையாலயே முடிப்பேன்" என்றார். வெளியே வந்ததும் மாமி, "நின்னு பதில் சொல்றாரு, நல்ல மனுஷன்" என்றார்.

கணவர் லீவு கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், கேட்ட நேரத்தில் கிடைப்பதற்குப் பெயர் லீவு இல்லை. உங்கள் அம்மா கூட இருக்கிறார், என் தம்பி இருக்கிறான் என்று நான் சமாதானம் சொன்னேன்.

உணவு ஆலோசகரைப் பார்க்கக் காத்திருந்த இடத்தில்தான் அந்த அக்காவைச் சந்தித்தேன். சாலியமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். ஐம்பது வயது இருக்கலாம். சொந்தத்தில் கொஞ்சமும் குத்தகைக்குக் கொஞ்சமுமாக நெல் போடுகிற குடும்பம். இதே ஆபரேஷனை இரண்டு வருடம் முன்பு செய்துகொண்டவர், பரிசோதனைக்கு வந்திருந்தார். நான் பயந்து போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவராகவே பேச்சுக் கொடுத்தார். தோள்பட்டை வலிக்கும், பயப்படாதே என்றார். மூணு மாதத்துக்குள் முடி கொட்டும், அப்புறம் முளைத்துவிடும் என்றார். பசி சுத்தமாகப் போய்விடும் என்றார்.

"பசி போனா நல்லதுதானேக்கா. அதுக்குத்தானே வந்திருக்கேன்" என்றேன்.

"போகட்டும், பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் தன் போன் நம்பரைக் கொடுத்தார்.

ஆபரேஷனுக்கு முன்பு இரண்டு வாரம் வெறும் நீர் ஆகாரம்தான். மோர், தெளிந்த சூப், புரதப் பொடி கரைத்த பால். ஈரலில் படிந்த கொழுப்பு வற்றி அது கொஞ்சம் சுருங்கினால்தான் அதை ஒதுக்கிவிட்டு இரைப்பையை எட்ட முடியுமாம். அந்த இரண்டு வாரம் என் வாழ்க்கையிலேயே அதிகமாகப் பசித்தது. பொங்கல் நாள் வேறு. பக்கத்து வீடுகளிலிருந்து சர்க்கரைப் பொங்கல் தூக்குவாளியில் வந்துகொண்டே இருந்தது. நெய் வாசனை கூடத்தில் நின்றது. மாமி ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் எல்லாவற்றையும் என் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஆபரேஷன் தியேட்டரில் குளிர் எலும்புக்குள் இறங்கியது. ரோபோவைப் பார்த்தேன். நான்கு கைகளையும் மடக்கிக்கொண்டு, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறை போட்டு நின்றது. மழைக்குப் பயந்து மூடி வைத்த கதிர் அறுக்கும் இயந்திரம் போல இருந்தது. டாக்டர் வந்து என் கையைத் தொட்டு, "நான் அந்த மூலையிலதான் இருப்பேன்" என்று காட்டினார். முகத்தில் மாஸ்க்கை வைத்தார்கள். கலிமாவை வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தேன், முடித்தேனா என்பது நினைவில்லை.

விழித்தபோது வயிற்றில் இருந்த வலியைவிடத் தோள்பட்டை வலிதான் அதிகமாக இருந்தது. வயிற்றை உப்ப வைப்பதற்காக உள்ளே செலுத்திய வாயு போகிற வரைக்கும் அப்படித்தான் இருக்கும், நடந்தால் சீக்கிரம் போகும் என்றார்கள். அன்று சாயங்காலமே நர்ஸ் என்னை எழுப்பி நடக்க வைத்தார். ஒரு பக்கம் அவர், இன்னொரு பக்கம் டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு மாமி. ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டார்கள். மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து மூச்சை இழுக்கச் சொன்னார்கள். மறுநாள் மருந்து அளக்கிற குப்பி மூடியில் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு மூடித் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சிக் குடிப்பதற்குள் நெஞ்சு அடைத்துக்கொண்டது. இவ்வளவுதான் இனி என் வயிறு என்று அப்போதுதான் உண்மையாகவே புரிந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது பல தடவை சொல்லி அனுப்பினார்கள். காய்ச்சல் வந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, வயிற்று வலி கூடினாலோ, வாந்தி நிற்காமல் போனாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வரவேண்டும். கனமான குடத்தைத் தூக்கக்கூடாது. முதலில் நீர் ஆகாரம், பிறகு கூழ் மாதிரி, பிறகு குழைந்த உணவு என்று வாரக்கணக்கில் படிப்படியாகப் போகவேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது. மற்ற நேரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கவேண்டும். விட்டமின் மாத்திரை ஆயுளுக்கும் உண்டு.

அல்லாஹ் காப்பாற்றினான், எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. புண் ஆறியது. எடை இறங்க ஆரம்பித்தது. சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்கள். தூக்கத்தில் மூச்சு சீராக வருகிறது என்று மாமி சந்தோஷப்பட்டார்.

பசி மட்டும் இல்லை. அக்கா சொன்னது அப்படியே நடந்தது. முதல் சில நாள் அது பெரிய விடுதலை மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கிற வாசனை வந்தால் வாசனையாக மட்டும் வந்துவிட்டுப் போனது. வெட்டி எடுத்த பகுதியில்தான் பசியைத் தூண்டுகிற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது, அதனால் சில மாதங்களுக்கு இப்படி இருக்கும் என்று உணவு ஆலோசகர் விளக்கினார்.

ஒரு சாயங்காலம் கணவர் பேசிவிட்டுப் போனை வைத்தார். பழக்கத்தில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். முறுக்கு டின்னைக் கையில் எடுத்துத் திறந்தேன். முகர்ந்து பார்த்தேன். சாப்பிட வேண்டும் என்று தோன்றவே இல்லை. மூடி வைத்தேன். ஆனால் அந்தக் கை நடுக்கம் இருந்தது. வயிற்றில் ஒன்றுமே இல்லை, நடுக்கம் மட்டும் இருந்தது. டின்னைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். அது அவருக்காக நடுங்குகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. இருபது வருடமாக அவர் பக்கத்தில் இல்லாததைப் பசி என்று நினைத்து அதற்குச் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பசி இருந்தவரை அது பசிக்குப் பின்னால் மறைந்திருந்தது. இப்போது மறைப்பு போய்விட்டது. அன்று நான் அழுத மாதிரி அவர் முதல் முறையாக விமானம் ஏறியபோதுகூட அழுததில்லை.

உணவு ஆலோசகரிடம் இதைச் சொன்னேன். அவர் சின்ன வயதுப் பெண். "நிறைய பேருக்கு இப்படித்தான் மேடம். வயித்துப் பசி வேற, மனசுப் பசி வேற. ரெண்டும் ஒண்ணா கலந்து கெடந்துச்சு. வயித்துப் பசி திரும்பி வரும்போது உங்களுக்கு வித்தியாசம் தெரியும்" என்றார். எப்போது வரும் என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் மாறும் என்றார். அன்றிலிருந்து பசிக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

அதற்குள் ரமலான் வந்துவிட்டது.

நான் நோன்பு வைக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் என் நிலைமையில் சிறுநீரகம் கெட்டுவிடும். பள்ளிவாசல் ஹஜ்ரத்தும், நோயாளிக்கு மார்க்கத்தில் விலக்கு இருக்கிறது, உடம்பு தேறியபின் விட்ட நோன்பை வைத்துக்கொள்ளலாம் என்று மாமியிடம் சொல்லி அனுப்பினார். எல்லாம் சரிதான். ஆனால் வயது வந்த நாளிலிருந்து அந்த மாதத்தில் பசித்திருந்தே பழகியவளுக்கு, தெருவே பசித்திருக்கும்போது தான் மட்டும் பசியில்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. நோன்பு வைக்க முடியாத ஏக்கம்கூட இல்லை அது. பசித்தால்தானே பொறுத்துக்கொள்வதற்கு ஏதாவது இருக்கும். என்னிடம் பொறுத்துக்கொள்வதற்கே ஒன்றும் இல்லை.

மாமி உதடு காய்ந்துபோய் ஓதிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் எதிரில் டம்ளரை எடுக்கக் கை வராது. குடிக்காவிட்டாலும் எனக்குத் தாகம் தெரியவில்லை. அப்புறம் குடிக்கலாம், அப்புறம் குடிக்கலாம் என்று தள்ளித் தள்ளி, ஒரு மத்தியானம் கொல்லையில் துணி எடுக்கப் போனவள் துணிக்கொடிக் கம்பத்தைப் பிடித்தபடி சரிந்துவிட்டேன். தம்பி வந்து பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனான். டிரிப்ஸ் ஏற்றினார்கள். தஞ்சாவூர் டாக்டர் போனில் தம்பியைப் பிடித்துக் கோபித்துக்கொண்டார். இன்னும் ஒரு நாள் இப்படி விட்டிருந்தால் நிலைமை வேறு என்றாராம்.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கச் சாலியமங்கலத்து அக்கா கூப்பிட்டபோது மாமிதான் போனை எடுத்து நடந்ததைச் சொல்லியிருக்கிறார். மறுநாள் பதினோரு மணி வாக்கில் அக்கா வீட்டு வாசலில் நின்றார். பஸ் பிடித்து வந்திருந்தார். கையில் ஒரு பை. அதில் அவர் வயலில் சம்பாவுக்குப் பின்னால் விளைந்த பச்சைப் பயறு, வேகவைத்து மசித்து ஒரு டப்பாவில். தனியாகக் கொஞ்சம் காய்ந்த பயறும் இருந்தது.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். டப்பாவைத் திறந்து இரண்டு சின்னக் கிண்ணத்தில் போட்டார். ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு.

"நீ தண்ணி குடிக்காம கெடந்தா பசி எங்கேர்ந்து வரும்? உடம்பு இருந்தாத்தானே அது வந்து ஒக்காரும்" என்றார். குரலில் கோபமே இல்லை.

மாமி நோன்போடு இருக்கிறார், இந்த அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்று நான் தவித்தேன். கிண்ணத்தைத் தொடாமல் மாமியைப் பார்த்தேன். மாமி எழுந்து அடுப்படிக்குப் போனார். அவருக்குச் சங்கடமாகிவிட்டது என்று நினைத்தேன். இரண்டு சின்ன ஸ்பூனை எடுத்துக்கொண்டு வந்தார். எங்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"என் நோன்பு என்கிட்ட இருக்கு. நீ சாப்புடுறதால அது எங்கயும் போயிடாது. சாப்புடு" என்றார்.

சாப்பிட்டேன். ஸ்பூன் நுனியில் எடுத்து, வாயிலேயே வைத்து, கூழானபின் விழுங்கி, அது இறங்குகிற வரை காத்திருந்து, மறுபடியும் எடுத்து. அந்தச் சின்னக் கிண்ணத்துக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அக்காவும் அதே வேகத்தில் சாப்பிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக, நான் முடிக்கவேண்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. யாரும் எனக்கு முன்னால் எழுந்து கை கழுவவும் இல்லை.

அந்த மாதம் முழுக்க வாரத்தில் மூன்று நாலு நாள் அக்கா வந்தார். பயறு பறிக்க ஆள் கிடைக்காத நாளில் மட்டும் வரமாட்டார், போன் செய்து தண்ணீர் குடித்தாயா என்று கேட்பார். ஏன் இப்படி அலைகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். அவருக்கு ஆபரேஷன் ஆன புதிதில் வீட்டில் எல்லாரும் மரியாதையாகத்தான் ஒதுக்கி வைத்தார்களாம். இவளுக்குத் தனிச் சாப்பாடு, தனி நேரம் என்று. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால், இவர் இரண்டாவது வாய் எடுப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர்கள் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அடுத்த பந்திக்கு ஆள் பின்னாலேயே வந்து நிற்கும். அப்புறம் பந்திக்குப் போவதையே விட்டுவிட்டாராம்.

"எனக்கும் கூட ஒக்காந்து சாப்புட ஒரு ஆளு கெடைச்சுச்சுல்ல" என்றார்.

சாயங்காலம் மஃரிப் பாங்கு சொன்னதும் மாமி பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு நோன்பு திறப்பார். எனக்கென்று நோன்புக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி ஒரு கிண்ணத்தில் வைத்திருப்பார். அதை மெதுவாகக் குடிப்பேன். அந்த நேரத்தில் கணவரும் அங்கே அவர் ரூமிலிருந்து வீடியோவில் வருவார். அங்கே நோன்பு திறக்கிற நேரம் எங்களுக்குப் பிறகுதான் வரும். அவர் பசியோடு உட்கார்ந்திருக்கிற முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். எனக்கு அந்த முகத்தின் மேல் பொறாமையாகக்கூட இருந்தது.

நோன்புப் பெருநாளுக்கு வந்த மகள் என் தலைமுடியைச் சீவிவிட்டு, சீப்பில் வந்த கொத்தைப் பார்த்துப் பயந்துபோனாள். அது முளைத்துவிடும் என்று அக்கா சொன்னதை அவளுக்குச் சொன்னேன். உண்மையாகவே பிறகு முளைத்தது. வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்து பழகியவள் கடைத்தெரு வரை போய்வர ஆரம்பித்தேன். ஒரு நாள் மத்தியானம் லுஹர் தொழுகையில் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தேன். முழங்கால் மடங்கியது. நெற்றி தரையைத் தொட்டது. எழுந்திருக்க மனமில்லாமல் வெகுநேரம் அப்படியே கிடந்தேன். மாமி பயந்துபோய்ப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கணவர் வந்தார். இரண்டரை வருடம் கழித்து. திருச்சி விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்தார். "மொகம் சின்னதாயிடுச்சு" என்றார். அவ்வளவுதான். வீட்டில் நான் சாப்பிடுவதைப் பார்த்து முதல் இரண்டு நாள் அவரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் சொல்லித்தான் பிறகு சாப்பிட்டார். சாயங்காலம் இருவரும் வெண்ணாற்றுப் பாலம் வரை நடந்தோம். அப்போதுதான் ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது. இவ்வளவு வருடத்தில் அவரோடு அந்தத் தூரம் நடந்ததே இல்லை. நான்தான் எப்போதும் 'கொஞ்சம் நில்லுங்க' என்பேன். இந்த முறை பாதி வழியில் அவர், "இரு, கொஞ்சம் நில்லு" என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு. பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கே அவருக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது என்பது போனில் தெரியாமலே போயிருந்தது. அவர் இங்கேயே இருந்துவிட மாட்டாரா என்று அன்று நான் ஏங்கிய மாதிரி என்றும் ஏங்கியதில்லை. கேட்கவில்லை. மகள் படிப்பு இன்னும் முடியவில்லை, அது இருவருக்கும் தெரியும்.

லீவு முடிந்து அவரை வழியனுப்பத் தம்பியின் காரில் போனோம். விடிகிற நேரத்து விமானம். அவர் உள்ளே போய் மறைகிற வரை நின்றுவிட்டுத் திரும்பினோம். முன்பெல்லாம் அவரை அனுப்பிவிட்டு வரும்போது வல்லத்தில் காரை நிறுத்தச் சொல்லி வயிறு முட்டச் சாப்பிடுவேன். தம்பிக்கு அது பழக்கம். நிறுத்தவா அக்கா என்றான். வேண்டாம் என்றேன். கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தேன். தஞ்சாவூர் தாண்டியதும் இருபுறமும் குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. சில வயல்களில் பச்சை எழும்பியிருந்தது. சிலவற்றில் தண்ணீர் மட்டும் நின்றது.

சாலியமங்கலம் தாண்டியிருப்போம். விலாவுக்குக் கீழே ஏதோ மெதுவாக இழுத்தது. அவர் நினைப்பு என்றுதான் நினைத்தேன். இன்று அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கண்ணை மூடிக்கொண்டு, அது எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். அவர் நினைப்பு தொண்டையில் இருந்தது, கட்டி மாதிரி. அது அங்கேயே இருக்க, கீழே இன்னொன்று தனியாக இழுத்தது. வயிறு சின்னதாகச் சத்தம் போட்டது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, ஒன்றோடொன்று ஒட்டாமல். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தம்பி பயந்துபோய் காரை ஓரம் கட்டினான்.

"என்னக்கா பண்ணுது?"

"பசிக்குதுடா" என்றேன்.

அம்மாபேட்டையில் ஒரு சின்ன ஹோட்டலில் நிறுத்தினான். ஒரு இட்லி சொன்னேன். முதல் வாயை மென்றுகொண்டே அக்காவைக் கூப்பிட்டேன். வந்துவிட்டது என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. எது என்று அவர் கேட்கவில்லை.

"வந்துடுச்சா? நல்லாரு. மொதல்ல அந்தத் தண்ணி டம்ளரத் தள்ளி வையி, சாப்புடும்போது குடிச்சுடாத" என்றார். அப்புறம் அவர் குரலும் உடைந்துவிட்டது. நான் சாப்பிட்டு முடிக்கிற வரை அவர் போனை வைக்கவில்லை. அந்த ஒரு இட்லியை நான் முடிப்பதற்குள் எதிர் மேசையில் இருந்தவர்கள் மாறிவிட்டார்கள்.

இந்த வருடம் ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, உடம்புக்கு முடியாமல் போனால் உடனே நோன்பை விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு டாக்டர் நோன்புக்கு அனுமதி கொடுத்தார். எல்லா நாளும் முடியவில்லை, முடிந்த நாட்களில் வைத்தேன். பிற்பகல் அஸர் நேரத்தில் வயிறு சுருண்டு பசிக்கும்போது, வெகுநாள் வெளியூரில் இருந்த சொந்தக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒரு நாள் அக்கா சாயங்காலமாக வந்து, மாமியோடும் என்னோடும் உட்கார்ந்து கஞ்சி குடித்தார்.

சாயங்காலம் இன்னும் கணவர் கூப்பிடுகிறார். போனை வைத்ததும் இன்னும் கை நடுங்குகிறது. அந்த நேரத்தில் நான் இப்போது அடுப்படிக்குப் போவதில்லை. கூடத்திலேயே உட்கார்ந்து, அது அவருக்கான ஏக்கம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அது தணிகிற வரை அதோடு இருக்கிறேன்.